வேரோடு விற்றவள்

முப்பிடாதிக்கு வாய் நீளம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஆழ்வார்குறிச்சிக்கு மேற்கே, மலை ஏறத் தொடங்குகிற இடத்தில் கிடக்கிறது வேம்படிக்குறிச்சி. அந்த ஊரில் அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாதவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். தாது வருஷப் பஞ்சத்தில் பிறந்தவள். கட்டியவன் வாந்திபேதியில் போய்ப் பத்து வருஷமாகிறது. பிள்ளை குட்டி இல்லை. காட்டுக்குள் போய் விறகும் கிழங்கும் எடுக்கலாம் என்று காட்டிலாகா கொடுத்த சீட்டு ஒன்று எப்போதும் அவள் மடியில் இருக்கும். எழுத்து தெரியாதவள் அதை மழையில் நனையாமல் பனையோலைக்குள் சுருட்டி வைத்திருந்தாள். அந்தச் சீட்டு போனால் அவள் அடுப்பில் பூனை படுத்துக்கொள்ளும்.

சீட்டில் காளான் என்று எழுதியிருக்கவில்லை. காளானைக் காட்டிலாகா ஒரு பொருளாகவே மதிக்கவில்லை. ஏலம் விட முடியாத எதைத்தான் அவர்கள் மதித்தார்கள்? தேக்குக்கும் தோதகத்திக்கும் நம்பர் அடித்தார்கள். அந்த மரங்களின் காலடியில் இடி இடித்தபின் கிளம்பி வருகிற உலகத்தைக் காட்டுக் காவலுக்கு வந்த கார்டுகள் பூட்ஸ் காலால் மிதித்துக்கொண்டு போனார்கள்.

முப்பிடாதிக்கு அந்த உலகம் தலைகீழ்ப் பாடம். ஆனிச் சாரலில் கரையான் புற்றின் தோளில் குடை குடையாக எழும்புகிற பெருங்காளான். புற்று பழசாகிச் சரிந்தால் அதைச் சுற்றி அரிசி சிந்தினாற்போல முளைக்கிற அரிசிக்காளான். பட்டுப்போன கிளையில் காது காதாகத் தொங்குவது ஒன்று. மூங்கில் புதரடியில் வலைப் பாவாடை கட்டிக்கொண்டு நின்று, கிட்டப் போனால் பிண நாற்றம் அடிப்பது இன்னொன்று. மேலே, வெயில் இறங்காத சோலையில், விழுந்த மரத்தை அடுக்கடுக்காக மூடியிருக்கும் செம்மஞ்சள் தட்டுகள். கல்லாக இறுகிப்போன கட்டைக்காளானும் உண்டு. அதைக் காயவைத்துத் தீ மூட்டினால் நாள் முழுக்கக் கனலைப் பொத்தி வைத்துக்கொள்ளும், மலையில் குடியிருக்கிற காணிக்காரர்கள் அதில்தான் ஒரு குடியிலிருந்து மறுகுடிக்குத் தீ கொண்டுபோவார்கள். எந்த மரம் செத்தால் எது வரும், எதைப் பன்றி கிளறும், எதை அணில்கூட முகர்ந்துவிட்டு விலகும் என்று அவள் பேச ஆரம்பித்தால் தலையில் விறகுக்கட்டு இருப்பதையே மறந்துவிடுவாள். இதை யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. பசியோடு நடந்து, பார்த்து, நுனிநாக்கில் வைத்துத் துப்பி, சில நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்து தெரிந்துகொண்டது.

விற்பதில் அவளுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. பெருங்காளானை அவள் ஒருபோதும் அறுத்து எடுப்பதில்லை. தண்டைச் சுற்றி விரலால் மண்ணைப் பறித்து, புற்றுக்குள் முழ நீளம் இறங்கிப் போகிற வேரை முறியாமல் உருவி எடுத்து, மண்ணோடு கூடையில் அடுக்குவாள். காரணம் இருந்தது. மாடு மேய்கிற மந்தைவெளியில், புல்லுக்கு நடுவே, அதே மழைக்கு இன்னொரு வெள்ளைக் குடை கிளம்பும். பார்வைக்கு அதே அழகு. அதற்குக் கழுத்தில் வளையம் உண்டு, புற்றும் இல்லை, வேரும் இல்லை. தின்றவன் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுப்பான். விரிந்த குடையைத் துணியில் கவிழ்த்துவைத்தால் நல்லது இளஞ்சிவப்பாக மாவு கொட்டும், மந்தைக்காளான் பச்சையாகக் கொட்டும். ஆனால் அடுப்புக்கு அவசரப்படுகிறவன் எவன் அவ்வளவு நேரம் காத்திருப்பான்? தலையை மட்டும் அறுத்துப் போட்டுவிட்டால் எது எது என்று கண்டுபிடிக்க ஊரில் ஆள் கிடையாது.

"வேர்தான் எனக்குச் சாட்சி" என்பாள் முப்பிடாதி. வேரைக் கிள்ளிக் கொடு என்று கேட்டவர்களுக்குக் காளானும் கிடைக்காது, மரியாதையும் கிடைக்காது.

அப்படிப்பட்டவளிடம் வேரை அறுக்கச் சொல்கிற துணிச்சல் ஆவுடைநாயகம் பிள்ளைக்கு இருந்தது. ஊரில் பாதி வயல் அவருடையது. சைவம் என்றால் அவர் வீட்டுச் சைவம் என்று பெயர். காளான் அந்தத் தெருவில் வாயால் சொல்லக்கூடாத வார்த்தை. குப்பையில் முளைப்பது, கவிச்சி அடிப்பது, தீட்டு. இதையெல்லாம் பத்துப் பேருக்கு எடுத்துச் சொல்கிற அதே பிள்ளைக்கு, ஆனி பிறந்து ஓர் இடி இடித்தால் போதும், நாக்கில் நீர் ஊறும். தொழுவத்துப் பின்வாசல் வழியாகக் காளான் உள்ளே போகும். அடுக்களைப் பாத்திரம் படாமல், தொழுவத்திலேயே மண்சட்டியில், பண்ணையாள் கருத்தையாவின் பெண்டாட்டி மாடத்தி சமைப்பாள். பிள்ளை அங்கேயே உட்கார்ந்து தின்றுவிட்டு, குளித்து, பட்டை பட்டையாகத் திருநீறு பூசிக்கொண்டு முன்வாசலுக்கு வருவார். அவர் மனைவி பிரம்மநாயகி ஆச்சி தூரத்தில் நின்று பார்ப்பதோடு சரி, தொட்டதில்லை.

டில்லியில் ராஜாவுக்குப் பட்டாபிஷேகம் என்று ஊரெல்லாம் பேச்சாகக் கிடந்த அந்த வருஷம், ஊர்ச் சிவன் கோயிலுக்குத் தர்மகர்த்தா பதவி காலியானது. பிள்ளைக்கு அதன்மேல் கண். பின்வாசலில் புற்றுமண் சிந்திக் கிடப்பதை எவனாவது பார்த்துவிட்டால் குட்டு உடைந்துவிடும். முப்பிடாதியைத் தொழுவத்துக்கு வரச் சொன்னார்.

"ஏளா, இனிமே மண்ணும் வேருமா இங்கன கொண்டாராத. அறுத்துத் தொடச்சு, துணியில முடிஞ்சு, மேல ரெண்டு கீரைக்கட்டை வச்சுக் கொண்டா. எவனாவது கேட்டா கீரைன்னு சொல்லு."

"அது எப்பிடிய்யா? வேர் இல்லேன்னா எந்தக் காளான்னு எவனுக்குத் தெரியும்?"

"பறிக்குத ஒனக்குத் தெரியுமில்லா?"

"எனக்குத் தெரியும். எனக்கும் ஒங்க சட்டிக்கும் நடுவுல எத்தன கை இருக்கு?"

பிள்ளை சிரித்தார். "ஒன் சீட்டு இந்தப் புரட்டாசியோட முடியுதாமே? கார்டு நேத்து இங்கன வந்திருந்தான். புதுசு குடுக்கவா வேண்டாமான்னு எங்கிட்டக் கேக்கான்."

வேறு எவன் கேட்டிருந்தாலும் முப்பிடாதி அவன் ஏழு தலைமுறையையும் இழுத்துத் தெருவில் போட்டிருப்பாள். அன்று அவள் கை மடியில் இருந்த ஓலையைத் தொட்டுப் பார்த்தது. சரி என்று தலையை ஆட்டிவிட்டு வந்தாள். வீட்டுக்கு வந்து அடுப்பங்கல்லை எட்டி உதைத்தாள், கால்தான் வீங்கியது.

ஆனி கடைசியில் இரண்டு நாள் விடாமல் இடித்தது. மூன்றாம் நாள் விடியும்போதே முப்பிடாதி மேட்டுப் புற்றுக்குப் போய்ப் பறித்து, அருவருப்போடு ஒவ்வொரு வேராக அறுத்து, பழைய வேட்டித் துணியில் முடிந்து, கீரைக்கட்டை மேலே வைத்து மாடத்தியிடம் கொடுத்தாள். மாடத்தியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பிச்சம்மாள் நின்றது. ஐந்து வயசு. அதற்கு முன் பிறந்த இரண்டும் தங்காததால் பிச்சை என்று பேர் வைத்த பிள்ளை. "பெரியம்ம, எனக்கு?" என்று கேட்டது. கொட்டைப் பாக்கு அளவில் ஒரு காட்டு நெல்லிக்காய் முப்பிடாதியின் மடியில் இருந்தது. அதைக் கொடுத்துவிட்டு, வாய்க்காலில் இறங்கிக் கால் கழுவினாள். அப்போது கருத்தையா புல்கூடையோடு மந்தைவெளிப் பக்கம் வேகமாகப் போவதைப் பார்த்தாள். புல்லறுக்கப் போகிறான் என்று நினைத்துக்கொண்டாள்.

அவன் புல்லுக்குப் போகவில்லை. திருநெல்வேலி டவுணிலிருந்து பிள்ளையின் மருமகன் முந்தின நாளே வந்திருந்தார். மாமனாருக்கு இருந்த அதே பலவீனம் அவருக்கும் உண்டு. துணிமூட்டையைப் பார்த்த பிள்ளை, "இது மூக்குப்பொடிக்கும் காணாதுலே. எங்கன கிடைச்சாலும் இன்னும் கொண்டா" என்று கருத்தையாவை விரட்டியிருந்தார். மந்தையில் மழைக்கு வெள்ளை வெள்ளையாக நின்றது. அவன் வயலில் பிறந்து வளர்ந்தவன், காடு தெரியாதவன். சொன்னபடி தண்டை அரிவாளால் அறுத்து, தலைகளை மட்டும் கொண்டுவந்து அதே துணியில் போட்டு முடிந்துவிட்டான். பிள்ளையின் பூஜை முடிகிறவரை மூட்டை தொழுவத்து மூலையில் கிடந்தது.

உச்சி நேரத்தில் சட்டி அடுப்பேறியது. பிரம்மநாயகி ஆச்சி வழக்கம்போல ஒரு வெள்ளி ரூபாயையும் ஒரு துண்டு விரலி மஞ்சளையும் மாடத்தியிடம் கொடுத்துக் கொதிக்கிற சட்டியில் போடச் சொன்னாள். விஷமாக இருந்தால் வெள்ளி கறுக்கும், மஞ்சள் சிவக்கும் என்பது அந்தப் பக்கத்தில் எல்லா வீட்டிலும் நம்புகிற சோதனை. வெள்ளிக்குக் காளானைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது என்று முப்பிடாதி எத்தனையோ தடவை கத்தியிருக்கிறாள். காட்டுக்காரி பேச்சை எவர் கேட்டார்கள்? ரூபாய் பளபளவென்று வெளியே வந்தது. பிள்ளையும் மருமகனும் திருப்தியாகச் சாப்பிட்டார்கள். சட்டியில் ஒட்டியிருந்ததை வழித்துப் பழைய சோற்றில் பிசைந்து மாடத்தி மகளுக்கு ஊட்டினாள்.

பொழுது சாய்வதற்குள் மூன்று பேரும் விழுந்தார்கள். ஆழ்வார்குறிச்சியிலிருந்து வில்வண்டியில் வைத்தியர் வந்தார். பிள்ளைக்கும் மருமகனுக்கும் கஷாயம் கொடுத்தார், கால் கை தேய்த்துவிட ஆள் வைத்தார். தொழுவத்துக்குப் பின்னால் இருந்த குடிசைக்கு அவர் போகவில்லை, போகச் சொல்லி யாரும் சொல்லவும் இல்லை. பெரிய மனிதர்கள் இருவரும் மறுநாள் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தார்கள். பிச்சம்மாள் அன்று விடியும்போதே போய்விட்டது.

எழுந்து உட்கார்ந்த பிள்ளைக்கு முதலில் வந்த கவலை தர்மகர்த்தா பதவி. வில்வண்டி வந்ததை ஊரே பார்த்தாயிற்று, வாந்தி எடுத்ததும் தெரிந்தாயிற்று. காளான் என்று சொல்ல முடியாது. படுக்கையில் இருந்தபடியே பிராது எழுதிக் கொடுத்தார். விறகுக்காரி முப்பிடாதி, தோப்பில் விறகு எடுக்கக்கூடாது என்று தடுத்த பகையை மனத்தில் வைத்து, கீரையில் பாஷாணம் கலந்து தன்னையும் தன் மருமகனையும் கொல்லப் பார்த்தாள். இதுதான் பிராது. செத்துப்போன பிச்சம்மாளைப் பற்றி அதில் ஒரு எழுத்துகூடக் கிடையாது. அதை எழுதினால் பண்ணை வீட்டுக் கீரை தொழுவத்துக்கு எப்படிப் போனது என்று கேள்வி வருமே!

ஏட்டு வந்து முப்பிடாதியின் கையைக் கட்டிக் கூட்டிக்கொண்டு போனார். குறுக்குப் பாதை மந்தைவெளி வழியாகப் போகிறது. புல்லுக்கு நடுவே ஒரே சீராக அறுபட்ட தண்டுகள், ஒவ்வொன்றின் கழுத்திலும் வளையம். அரிவாள் அறுப்பு. அவள் நின்றுவிட்டாள். புல்கூடையோடு கருத்தையா போனது நினைவுக்கு வந்தது. ஏட்டு முதுகில் குத்தித் தள்ளினார்.

போலீஸ் கச்சேரி அறையில் இரண்டு நாள் கிடந்தாள். அந்த இரண்டு நாளும் அவள் மனம் கொதித்த கொதிப்பைச் சொல்லி முடியாது. காளான் எது என்று தெரியாதவள் என்று பேர் வந்தாலே அவளுக்கு மானக்கேடு. இவர்கள் விஷம் வைத்தவள் என்கிறார்கள். கருத்தையா பறித்தது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், வெளியே வந்துவிடலாம். சொல்லத்தான் போகிறேன் என்று சுவரைப் பார்த்துப் பத்துத் தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். பத்துத் தடவையும் நெல்லிக்காயை வாங்கின சின்னக் கை வந்து குறுக்கே நின்றது. பெற்ற மகளை மண்ணுக்குள் வைத்துவிட்டு வந்தவனிடம் போய், உன் கையால்தான்டா செத்தது என்று எப்படிச் சொல்வது? சொல்லாவிட்டால் கயிறா, அந்தமானா என்று அவளுக்குத் தெரியாது.

பிள்ளைக்கு இன்னும் நடமாட முடியவில்லை என்று, சப் மாஜிஸ்திரேட் வேம்படிக்குறிச்சிக்கே வந்து பிள்ளை வீட்டு முற்றத்தில் நாற்காலி போட்டு விசாரித்தார். தெருவே திரண்டிருந்தது. பிள்ளை திருநீறு மணக்க உட்கார்ந்து, கீரைதான் சாப்பிட்டோம் என்று சிவன்மேல் ஆணையாகச் சொன்னார். மூலையில் கருத்தையா நின்றான். பிச்சம்மாளின் இடுப்பில் கிடந்த கறுப்புக் கயிற்றைக் கையில் சுற்றி வைத்திருந்தான். மாடத்தி தரையில் குந்தியிருந்தாள்.

"என்ன கீரை கொடுத்தே?" என்று கேட்டார் மாஜிஸ்திரேட்.

"கீரை மேலாக்குல இருந்துது எசமான். உள்ள இருந்தது காளான். வருசா வருசம் பின்வாசல் வழியா இந்த வீட்டுக்குக் காளான் வருது. சிவன்மேல ஆணை வச்சுச் சொல்லுதாவளே, அந்த வாயிதான் திங்கி!"

தெரு சலசலத்தது. "சைவத் தெருவுல நின்னுக்கிட்டு என்ன பேச்சு பேசுதா பாரு" என்று ஒருவர் அடிக்க எழுந்தார். பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு 'சிவ சிவா' என்றார். அந்தச் சிவ சிவாவை நம்பாத ஒரு முகமும் அங்கே இல்லை. முப்பிடாதிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. உள்வாசலைப் பார்த்துக் கத்தினாள்.

"ஆச்சி! நான் முடிஞ்சு குடுத்த வேட்டித்துணி எங்க? அதைக் கொண்டாந்து காட்டுங்க, போதும்!"

பிள்ளை திரும்பி உள்ளே பார்த்த பார்வையில் வேறு பெண்ணாக இருந்தால் பொசுங்கியிருப்பாள். அந்த வீட்டுப் பெண்கள் அந்நிய ஆண்கள் முன்னால் முற்றத்துக்கு வந்ததே கிடையாது. பிரம்மநாயகி ஆச்சி வந்தாள். கையில் மடித்த துணி இருந்தது. அதை மாஜிஸ்திரேட் முன்னால் விரித்துப் போட்டாள். ஒரு பக்கம் இளஞ்சிவப்பாகவும் மறுபக்கம் பச்சையாகவும் வட்ட வட்டமாக மாவு படிந்து கிடந்தது.

"காளான்தான் தின்னாவ" என்றாள் ஆச்சி. பிறகு புருஷனைப் பார்த்தாள். "தொழுவத்துல ஒரு பிள்ளை செத்துப்போச்சு. அதுக்கு ஒரு வரி எழுத ஒங்களுக்குக் கை வரலியே."

அதற்கு மேல் அங்கே நிற்காமல் உள்ளே போய்விட்டாள். மாஜிஸ்திரேட் துணியைக் குனிந்து பார்த்துவிட்டு, இது இரண்டு வகையா என்று கேட்டார். ஆமாம், சிவப்பு நல்லது, பச்சை கெட்டது என்றாள் முப்பிடாதி. அப்படியானால் பச்சையைப் பறித்தது யார் என்று அவர் கேட்டார்.

கருத்தையாவின் வாய் திறந்தது. அவன் முகம் செத்துப்போனவன் முகமாக இருந்தது. "எசமான், நா..." என்று ஆரம்பித்தான்.

"நாந்தான்!" என்று முப்பிடாதி அவன் பேச்சை அறுத்துக்கொண்டு கத்தினாள். "ரெண்டையும் நாந்தான் பறிச்சேன். மழையும் இருட்டும், கண்ணு சரியாத் தெரியல. வேரை அறுத்துப் போடுன்னாவ, அறுத்துப் போட்டேன். அப்புறம் எது எதுன்னு எனக்கே வெளங்கல. மண்ணோட வேரோட கொண்டாந்திருந்தா அந்தப் பிள்ளை இன்னைக்கு இருக்கும். வேண்டாம்னது இவுக. அதையும் எழுதுங்க எசமான்!"

மாஜிஸ்திரேட் முதல் பாதியை எழுதிக்கொண்டார். இரண்டாம் பாதி வந்தபோது பேனாவை மூடி வைத்துவிட்டார்.

விஷம் வைத்த கேஸ் தள்ளுபடியாயிற்று. கவனமில்லாமல் கெட்ட காளானை விற்றவள் என்று எச்சரித்து அவளை வெளியே விட்டார்கள். கார்டு வந்து ஓலையோடு சீட்டைப் பிடுங்கிக் கிழித்துப் போட்டான். அவளிடம் யாரும் எதையும் வாங்கக்கூடாது என்று நாலு தெருவிலும் தமுக்கு அடித்தார்கள். பிள்ளையோ பாபநாசத்தில் மூன்று நாள் முழுகி, பிராமணர்களுக்குச் சாப்பாடு போட்டு, வைத்தியர் சொல்லி மருந்துக்காக ஒரு தடவை தின்றது என்று விளக்கமும் சொன்னார். தை மாதம் தர்மகர்த்தா ஆனார். பரிவட்டம் கட்டிக்கொண்டு அவர் தேருக்கு முன்னால் நடந்ததை முப்பிடாதி கூட்டத்தில் நின்று பார்த்தாள். அவளைச் சுற்றி நாலு அடிக்கு இடம் விட்டு நின்றார்கள். பெண்கள் பிள்ளைகளை இழுத்து இடுப்போடு சேர்த்துக்கொண்டார்கள்.

ஊரில் நடவுக்குக்கூட அவளைக் கூப்பிடவில்லை. ஆழ்வார்குறிச்சி ரோட்டில் கல் உடைக்கப் போனாள். மறுவருஷம் ஆனியில் இடி இடித்தபோது மேலே சோலைக்குள் என்னென்ன முளைத்திருக்கும் என்று ஒவ்வொன்றாக அவளுக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? காட்டுக்குள் கால் வைத்தால் கார்டு பிடித்துக்கொண்டு போவான். விடியற்காலையில் மந்தைவெளிக்குப் போய், புல்லில் நின்ற வெள்ளைக் குடைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் குழியில் போட்டு மிதித்துக்கொண்டிருந்தாள்.

மாடத்தி புருஷனோடு வயலுக்குப் போகிற வழியில் அவளைப் பார்த்துவிட்டாள். ஓடி வந்தாள். "பிள்ளையத் தின்ன மூதி! இன்னும் எவ குடியைக் கெடுக்க இங்கன வந்து பறிக்கே? நீ நாசமாப் போவ, ஒன் கை அழுகிப்போவும்!" என்று குனிந்து இரண்டு கையாலும் ஈரமண்ணை அள்ளி முப்பிடாதியின் முகத்தில் எறிந்தாள்.

மண் கண்ணில் விழுந்தது. ஒரு வருஷமாக விழுங்கி வைத்திருந்தது அத்தனையும் முப்பிடாதியின் நாக்கு நுனிக்கு வந்தது. யார் பறித்தது, யார் சமைத்தது, யார் ஊட்டியது என்று மூன்று வார்த்தையில் சொல்லிவிடலாம். கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். மாடத்திக்குப் பின்னால் பத்தடி தள்ளிக் கருத்தையா நின்றான். பெண்டாட்டியைத் தடுக்கவும் இல்லை, முப்பிடாதியை ஏறிட்டுப் பார்க்கவும் இல்லை. தலை நெஞ்சோடு தொங்கிக்கொண்டிருந்தது. அவனுக்குத் தெரியும். அந்த முற்றத்திலேயே அவனுக்குத் தெரிந்துபோயிற்று.

"அக்கா..." என்றான்.

"வாய மூடுலே!" என்று முப்பிடாதி கத்தினாள். மாடத்தியின் வயிறு மேடிட்டிருப்பதை அப்போதுதான் பார்த்தாள். "சாரல் அடிக்கி, மாசமா இருக்கவளை நனைய விட்டுக்கிட்டு நிக்கியே, ஒனக்கென்ன கோட்டியா? அவளைக் கூட்டிட்டு வீட்டுக்குப் போ."